கதவைச் சாத்து

"சேஃப்!" என்றாள் நடுவர் பிரேக்கக்கா. அதற்கு முன்பே இடது கை, விரல் மடக்கிய முஷ்டியோடு, பக்கவாட்டில் நீண்டிருந்தது. வழிமறிப்பு என்று அர்த்தம். ஓடி வந்தவள் மேல் தப்பில்லை, மறித்து நின்றவள் மேல்தான் தப்பு.

சொன்ன வாய் மூடவில்லை.

"யாரு சேஃப்? என் பொண்ணு மண்ணுல கிடக்கறா, யாரு சேஃப்?"

தடுப்புக் கம்பியைத் தாண்டிக் குதித்து வந்தவர் கோச். கடைகளுக்கு இரும்பு ஷட்டர் மாட்டுவது தொழில் என்பதால் எல்லோருக்கும் அவர் ஷட்டர்க்காரர். பிரேக்கக்காவுக்கு அத்தான், கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்காரர். மண்ணில் கிடந்தது அவர் மகள். தவழ்ந்து எழுந்து நடக்கப் பழகியபோது ஒரு மாதம் பக்கவாட்டிலேயே நடந்தாள் என்று அவளுக்கு நண்டு என்று பெயர் வைத்ததே இந்தச் சித்திதான்.

"முதல்ல கையைத் தொடாதீங்க அத்தான். அசைக்காதீங்க. யாராவது ஒரு அட்டை கொண்டாங்க."

"நீ பேசாத. நீ பேசவே பேசாத."

பத்தடி தள்ளி, முழங்கால் சிராய்ந்து ரத்தம் வழிய, எதிரணிப் பெண் நின்றிருந்தாள். பதின்மூன்று வயது. ஓட ஆரம்பித்தால் நிற்கத் தெரியாதவள் என்று ரயிலு என்பார்கள்.

"நான் சறுக்கினேன்க்கா. நீங்க பாத்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"பேரே ரயிலு! மோதாம என்ன பண்ணும்?" என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள். ரயிலு தலையைக் குனியவில்லை. கத்திய பக்கமாகத் திரும்பி, யார் என்று பார்த்தாள்.

பிரேக்கக்காவுக்கு வாரத்தில் ஐந்து நாளும் டிரைவிங் ஸ்கூல் வேலை. கற்றுக்கொள்ள வருகிறவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் ஒரு பாதத்தை வைத்தபடி, வாயாலும் "பிரேக்கு, பிரேக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். சனிக்கிழமை பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களின் சாஃப்ட்பாலுக்கு நடுவர். சொந்தக்காரப் பெண் ஆடும் அணிக்கு நடுவராக நிற்கலாமா என்று ஆரம்பத்திலேயே கேட்டிருக்கிறாள். "இருக்கறதே மூணு நடுவர். ஒருத்தருக்கு முட்டி வலி. இன்னொருத்தர் போட்டோக்காரர், பாதிச் சனிக்கிழமை அவருக்குக் கல்யாணம். நீங்களும் இல்லைன்னா நான்தான் வந்து நிக்கணும், எனக்கு விதியே தெரியாது" என்றார் சங்கச் செயலாளர்.

நடந்தது இவ்வளவுதான். பந்து தூர மூலைக்குப் போனது. கடைசி நிறுத்தமான மூன்றாவது பேஸிலிருந்து ரயிலு ஹோமை நோக்கிக் கிளம்பினாள். தரையில் பதித்த ஐந்து மூலை வெள்ளைப் பலகைதான் ஹோம், அதைத் தொட்டுவிட்டால் ஒரு ரன். அங்கே காவல் கேட்சர் நண்டு. தூரத்திலிருந்து எறிந்த பந்து இன்னும் பாதி வழியில் இருந்தது. அப்போது ஷட்டர்க்காரர் தொண்டை கிழியக் கத்தினார்: "கதவைச் சாத்து! சாத்து!"

பிரேக்கக்காவின் மனசில் ஒரு மூலை, 'இப்பப் போய்ச் சாத்த முடியாது அத்தான்' என்று பதில் சொன்னது. மைதானத்துக்கு ஒரு இரும்புக் கேட் உண்டு, கொக்கி சரியாக மாட்டாது, நாய்கள் வந்துவிடும். அத்தான் தொழில் அப்படி, திறந்த கதவைப் பார்த்தால் அவருக்கு உட்கார முடியாது. நாலு மாதமாக மேட்சுக்கு மேட்ச் இந்தக் கூச்சல்தான். இரண்டு முறை அவளே சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் நடந்து போய் கேட்டைச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள்.

அதே நொடியில் நண்டு முன்னால் வந்து, கையில் பந்து இல்லாமல், இடது காலைக் கோட்டுக்குக் குறுக்கே நீட்டினாள். ரயிலு விதிப்படி கால் முன்னால் போகச் சறுக்கினாள். எலும்பும் எலும்பும் இடித்தன. நண்டு தன் கைமேலேயே விழுந்தாள். பந்து அதற்கப்புறம்தான் சாவகாசமாக உருண்டு வந்து வேலியில் முட்டி நின்றது.

மறுநாள் காலை பிரேக்கக்கா அக்கா வீட்டுக்குப் போனாள்.

"வாடி, நீதி தேவதை. கண்ணைக் கட்டிக்கிட்டு வந்தியா, திறந்துக்கிட்டு வந்தியா?"

"குழந்தை எப்படியிருக்கா?"

"குழந்தையா? நேத்து உனக்கு அவ கேட்சர். இன்னைக்குக் குழந்தையாயிட்டாளா?"

"அக்கா, ரூல்னு ஒன்னு இருக்கு."

"இருக்கும். ஆறு வாரம் கட்டு. ராத்திரி முழுக்க முனகினா. அந்த ரயிலோ பஸ்ஸோ, அதைக் கட்டிப்பிடிச்சு சேஃபுங்கற. நீ ஒன்னைப் பெத்திருந்தா தெரியும்."

அந்த வார்த்தை விழுந்ததும் அக்காவுக்கே அது அதிகம் என்று தெரிந்திருக்க வேண்டும். பால் பொங்குகிறது என்று சமையலறைக்குப் போனாள். அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை.

நண்டு கூடத்து சோபாவில், ஷட்டர் சாம்பிள் துண்டுகள் அடுக்கிய பெட்டிக்குப் பக்கத்தில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, கட்டின் மேல் பேனாவால் ஒரு நண்டு வரைந்துகொண்டிருந்தாள்.

"வலிக்குதா?"

"அரிக்குது. உள்ள ஸ்கேல் விடக்கூடாதாம்."

"பந்து வர்றதுக்கு முன்னாடி எதுக்குடி காலை நீட்டின?"

"அப்பா சாத்துன்னாரு. சாத்தினேன்."

"எதை?"

"கதவை."

"நீ எப்படிச் சாத்துவ? கேட்டு அந்தக் கோடியில இல்ல இருக்கு?"

நண்டு பேனாவை நிறுத்தினாள். சித்தியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"சித்தி... நீங்க நெஜமாவே கேட்டுன்னா நெனச்சீங்க? அதுக்குத்தான் எழுந்து போய்ப் போய்ச் சாத்தினீங்களா? ஐயோ, நாங்க பெஞ்சுல விழுந்து விழுந்து சிரிச்சோம், எதுக்குப் போறீங்கன்னு தெரியாம! ஆ, கை, கை..."

"சிரிக்காம சொல்லு."

"பந்து வருதோ இல்லையோ, ஓடி வர்றவளுக்கும் ஹோமுக்கும் நடுவுல காலைப் போட்டு நிக்கணும். அவ பயந்து வேகத்தைக் குறைப்பா. அதுக்குள்ள பந்து வந்துடும். அதான் கதவைச் சாத்தறது." கட்டில் வரைந்த நண்டைத் தட்டிக் காட்டினாள். "கதவு நான்தான் சித்தி."

பிரேக்கக்காவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. நாலு மாதம்! ஒரு மனிதன் இவள் காதிலேயே விழும்படி பிள்ளைகளுக்குத் தப்பைக் கத்திச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். இவள் நடுவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்க் கொக்கி மாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

நண்டுவின் சிரிப்பு இப்போது சுத்தமாகப் போய்விட்டது. "சித்தி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அப்பா அப்புறம் என்னை டீம்லயே வெக்கமாட்டாரு."

"நீ சொன்னதுல ஒரு எழுத்து எழுதமாட்டேன். என் காதுல விழுந்ததை எழுதுவேன். என் காதுல நாலு மாசமா விழுந்திருக்கு, இழவு."

செவ்வாய்க்கிழமை ஷட்டர்க்காரர் டிரைவிங் ஸ்கூலுக்கே வந்துவிட்டார். பிரேக்கக்கா ஒரு பல் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். அடுத்தவர் வாய்க்குள் கை விட நடுங்காத அம்மா, கியரில் கை வைத்தால் நடுங்குவார்.

"அஞ்சு நிமிஷம் பேசணும்."

"கிளாஸ் இருக்கு. பின்னாடி ஏறிக்கங்க. கதவை நல்லாச் சாத்துங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணாடியைச் சரி செய்வதுபோல இருந்தாள். கார் குலுங்கிக் கிளம்பியது.

"வெள்ளிக்கிழமை கமிட்டி. உன் ரிப்போர்ட்டைத்தான் முதல்ல படிப்பாங்க. ஒரே ஒரு வார்த்தை போதும். 'வேண்டுமென்றே'. ஓடி வந்தவள் வேண்டுமென்றே மோதினாள். அவ்வளவுதான்."

"டாக்டரம்மா, கிளட்ச்சை விடுங்க, மெதுவா. அந்த வார்த்தையை எழுதினா அந்தப் பொண்ணு ஒரு வருஷம் ஆட முடியாது அத்தான்."

"அடுத்த வருஷம் ஆடட்டும்."

"அடுத்த வருஷம் அவளுக்குப் பதினாலு ஆயிடும். இந்தச் சங்கத்துல அப்புறம் அவளுக்கு டீமே கிடையாது. ஒரு வருஷம்னா மொத்தமாத்தான். பிரேக்கு, பிரேக்கு, சைக்கிள்!"

"மன்னிக்கணும்" என்றார் டாக்டரம்மா, சைக்கிள்காரரைப் பார்த்தா ஷட்டர்க்காரரைப் பார்த்தா என்று தெரியவில்லை.

"என் பொண்ணுக்குக் கை உடைஞ்சிருக்கு" என்றார் அவர். "யாராவது ஒருத்தர் தப்பு பண்ணியிருக்கணும்ல?"

"பண்ணியிருக்காங்க."

வண்டி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே போனது. வலது பக்கம் ஒரு வெற்று மைதானம் வந்தது. சுற்றிலும் மரக்குச்சிகள் நட்டு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. வேலி இல்லை, சுவர் இல்லை. பிரேக்கக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஓரமா நிறுத்துங்கம்மா. ஆ, அப்படித்தான். அத்தான், போன மாசம் இங்க ஆடினோம்ல?"

"ஆமா. ஜெயிச்சோம்."

"மேட்ச்ல 'கதவைச் சாத்து, கதவைச் சாத்து'ன்னு கத்துவீங்களே, அது எதுக்கு?"

"எதுக்குன்னா? கேட்டுதான். நாய் வருதுல்ல?"

"இங்கயும் கத்தினீங்க."

"கத்தியிருப்பேன்."

"இங்க எந்தக் கதவை அத்தான் சாத்தறது? கயிறையா?"

பல் டாக்டரம்மா தானாகவே பிரேக்கை அழுத்தினார். நின்றிருந்த வண்டியில்.

ஷட்டர்க்காரர் கதவைத் திறந்து இறங்கினார். திறந்தபடியே விட்டுவிட்டு நடந்தார். போகிற போக்கில் திரும்பி, "நீ எழுதினேன்னா, எங்க வீட்டு வாசப்படி உனக்குக் கிடையாது" என்றார்.

பிரேக்கக்கா கையை நீட்டிப் பின்கதவைச் சாத்தினாள். "ம், எடுங்கம்மா. கண்ணாடியைப் பாருங்க. பின்னாடி யாரும் இல்ல."

கமிட்டி கூடியது செயலாளரின் மருந்துக்கடை மாடியில். காலி அட்டைப்பெட்டிகளை ஒதுக்கிவிட்டு ஐந்து நாற்காலி போட்டிருந்தது, ஐந்து உறுப்பினர்களுக்கு. மற்றவர்கள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள். ஷட்டர்க்காரரும் அக்காவும் ஒரு பக்கம். ரயிலுவும் அவள் அப்பாவும் எதிர்ப்பக்கம். அப்பா லிஃப்ட் மெக்கானிக், சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

"பாப்பா, ஒரு மன்னிப்பு கேட்டுடும்மா. எல்லாம் சுமுகமா முடிஞ்சுடும்" என்றார் செயலாளர்.

ரயிலு எழுந்தாள். "அவ கை உடைஞ்சதுக்கு எனக்கு வருத்தமா இருக்கு. சறுக்கினதுக்கு இல்ல."

"திமிரைப் பாத்தீங்களா?" என்றார் ஷட்டர்க்காரர்.

"திமிர் இல்லீங்க. சறுக்கணும்னு ரூல்ல இருக்கு. பந்து இல்லாம குறுக்க நிக்கக்கூடாதுன்னும் இருக்கு. நான் படிச்சிட்டுத்தான் வந்தேன்."

லிஃப்ட் மெக்கானிக் மகளின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் போனார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டார்.

"நடுவர் ரிப்போர்ட்" என்றார் செயலாளர்.

பிரேக்கக்கா நின்றுகொண்டே படித்தாள். முதல் பக்கம் எல்லாம் வழக்கமானதுதான்: யார் எங்கே நின்றார்கள், பந்து எங்கே இருந்தது, ஓடி வந்தவள் விதிப்படி சறுக்கினாள், வழிமறிப்பு, ரன் செல்லும். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

"'மோதலுக்குச் சற்று முன் கோச் கதவைச் சாத்து என்று கத்தினார். இந்த வார்த்தையை இந்த ஆண்டு நான் நடுவராக நின்ற இந்த அணியின் எல்லா ஆட்டங்களிலும் கேட்டிருக்கிறேன். மைதானத்தின் கேட்டைச் சாத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டு முறை நானே போய்ச் சாத்தினேன்.'"

மாடி முழுக்கச் சிரித்தது. ஒரு உறுப்பினருக்குப் புரை ஏறிவிட்டது. ரயிலுகூட வாயைப் பொத்திக்கொண்டாள். பிரேக்கக்கா சிரிப்பு அடங்கும்வரை காகிதத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா? இன்னும் இருக்கு. 'கேட்டே இல்லாத, கயிறு மட்டும் கட்டிய மைதானத்திலும் அவர் இதையே கத்தினார். அங்கேயும் கேட்சர் பந்து வருமுன் ஓடுபாதையில் நின்றாள். நான் பார்த்தேன். மோதல் நடக்காததால் சும்மா இருந்துவிட்டேன். அன்றே நான் ஆட்டத்தை நிறுத்திக் கேட்டிருந்தால் ஒரு குழந்தையின் கை உடைந்திருக்காது.'"

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

செயலாளர் பேனாவால் மேஜையைத் தட்டினார். "இந்த ரெண்டாம் பக்கம் வேண்டாமே. கோச்சுக்கும் அவமானம், உங்களுக்கும் அசிங்கம். முதல் பக்கத்தோட நிறுத்திக்கிட்டா, ரயிலு விஷயமும் பேசித் தீத்துக்கலாம்."

"அசிங்கம் என்னோடதுதானே? நான் வெச்சிருந்துட்டுப் போறேன். ஒரு வரி எடுக்க விடமாட்டேன்."

"குடும்பத்தைச் சந்தி சிரிக்க வெக்கறா, பாருங்க!" ஷட்டர்க்காரர் எழுந்துவிட்டார். "கேட்டுதாங்க சொன்னேன். நாய் வரும். நான் ஷட்டர் போடறவன், எனக்குக் கதவு திறந்திருந்தா ஆகாது, இது எல்லாருக்கும் தெரியும்!"

"கயிறு கட்டின மைதானத்துல?" என்று புரை ஏறிய உறுப்பினர் கேட்டார்.

"அங்க... அது வாய்ப் பழக்கம்."

"பழக்கம்னா எதுக்குப் பழக்கம்?"

அதுவரை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு தங்கையை எரித்துவிடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"நிக்கச் சொன்னது நீங்களா?"

"நீ சும்மா இரு."

"அவ்வளவு வேகத்துல ஒருத்தி ஓடி வரும்போது, வெறுங்கையோட, என் பொண்ணைக் குறுக்க நிக்கச் சொன்னது நீங்களா?"

"எல்லா டீம்லயும் பண்றதுதான். சும்மா கிட்ட போய்ப் பயம் காட்டறது. இப்படி ஆகும்னு யாரு கண்டா?"

சொல்லிவிட்டார். சொன்னபிறகுதான் சொன்னது தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"ஆறு நாளா அந்தப் பொண்ணைத் திட்டினேன்" என்றாள் அக்கா. "இவளை வாய்க்கு வந்தபடி பேசினேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

ஐந்து பேரும் தலைகளைச் சேர்த்துக் கால் மணி நேரம் குசுகுசுத்தார்கள். முடிவு: ரயிலு ஆடலாம். கோச் இரண்டு ஆட்டங்களுக்கு மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது. நடுவர், சொந்தக்காரர் என்பதாலும் கவனக்குறைவாக இருந்ததாலும், இந்த ஆண்டு பட்டியலிலிருந்து நீக்கம்.

"உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்றார் செயலாளர் சங்கடத்துடன்.

"கேட்டைச் சாத்தப் போனவளுக்கு அது வேணும்தான். தொப்பியை எடுத்துக்கங்க. ரெண்டாம் பக்கம் ஃபைல்ல இருக்கணும்."

மாடிப்படி இறங்கும்போது ரயிலு பின்னாலேயே வந்தாள். "அக்கா, நிஜமாவே ரெண்டு தடவை போய்ச் சாத்தினீங்களா?"

"போடி."

இரண்டு வாரம் கழித்து அதே இரண்டு அணிகளுக்கும் மறு ஆட்டம். போட்டோக்காரர் நடுவர். பிரேக்கக்கா முதல் தடவையாகப் பலகைப் படியில், வேடிக்கை பார்க்கிறவர்களோடு உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையோடு நண்டு வந்து ஒட்டிக்கொண்டாள். அக்கா இரண்டு படி தள்ளி உட்கார்ந்து, பேசாமல், நிலக்கடலைப் பொட்டலத்தை மட்டும் கை மாற்றி அனுப்பினாள்.

ஷட்டர்க்காரர் இரும்புக் கேட்டுக்கு வெளியே, கம்பிகளைப் பிடித்தபடி நின்றார். தடை போட்ட இரண்டு ஆட்டங்களில் இது இரண்டாவது.

"அப்பா ஜெயில்ல இருக்கற மாதிரி இருக்குல்ல?" என்றாள் நண்டு.

"வாயை மூடு."

கடைசிச் சுற்று. பந்து தூர மூலைக்குப் போனது. மூன்றாவது பேஸிலிருந்து ரயிலு கிளம்பினாள். ஹோமில் புதுக் கேட்சர், பத்து வயது சொல்லலாம், அவ்வளவு சின்ன உருவம். பந்து இன்னும் காற்றில்.

"கதவைச்..." என்று கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. வாய்ப் பழக்கம்.

மொத்தக் கூட்டமும் ஒரே திருப்பில் கேட்டைப் பார்த்தது. மொத்தக் கூட்டமும் சிரித்தது. பாதி வார்த்தை அவர் வாயிலேயே நின்றுவிட்டது. சின்னக் கேட்சர் ஒரு கணம் கோட்டில் காலை வைத்தவள், இந்தப் பக்கம் பார்த்தாள்.

நண்டு எழுந்து நின்றாள். கட்டுப் போட்ட கை குறுக்கே ஆட, தொண்டை கிழியக் கத்தினாள்: "வழியை விடுடி! பந்து வரட்டும்! வழியை விடு!"

சின்னவள் காலை எடுத்தாள். ரயிலு புழுதியைக் கிளப்பிக்கொண்டு சறுக்கினாள். அந்த நொடியிலேயே பந்தும் வந்து கையுறையில் அறைந்தது, ரயிலு பலகையைத் தொடுமுன் சின்னவள் குனிந்து அவள் கணுக்காலில் பந்தை வைத்தாள்.

"அவுட்!" என்றார் போட்டோக்காரர்.

"அவுட்டா?" ரயிலு புழுதியிலேயே உட்கார்ந்து, தன் காலையும் சின்னவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அப்புறம் எழுந்து அவள் தொப்பியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

பிரேக்கக்கா படியிலிருந்து இறங்கினாள்.

"எங்கடி போற?" என்றாள் அக்கா. இரண்டு வாரத்தில் முதல் பேச்சு.

"கேட்டுக்கு."

"மறுபடியுமா?"

அவள் நேராக நடந்து போனாள். ஷட்டர்க்காரர் கம்பிகளுக்கு நடுவிலிருந்து முறைத்தார். "என்ன, என் மூஞ்சிக்கு நேராச் சாத்தப் போறியா?"

"இல்ல அத்தான்." கொக்கியை எடுத்தாள். ஒரு கையால் தள்ளினாள். கேட் கிறீச்சென்று போய்ச் சுவரில் இடித்து நின்றது. "இனிமே இது திறந்தே இருக்கட்டும், யாராவது சாத்துன்னு கத்தினா இதைத்தான் சொல்றாங்கன்னு நான் ஏமாறக்கூடாது. உங்களுக்கு இல்ல, உங்களுக்கு இந்த மேட்ச் முடியணும்."

காத்துக்கொண்டிருந்ததுபோல ஒரு பழுப்பு நாய் அவர் காலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, இரண்டாவது பேஸைப் பார்த்து நடந்தது.